நீலக் கொட்டகை

பிப்ரவரி 18

காலையில் செம்மொழி என்று ஒரு பெண் வந்தாள். தஞ்சாவூரில் ஆராய்ச்சிப் படிப்பாம். புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் விவசாயத்துக்கு முடிவெடுப்பது யார் என்று கண்டுபிடிக்கப் போகிறாளாம்.

"என்ன பயிர் வைக்கிறதுன்னு யாருக்கா முடிவு பண்றது?"

"அவருதான். இப்ப நெல்லுன்னு முடிவு பண்ணியிருக்காரு."

கூசாமல் சொன்னேன். அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் சேற்றில் நிற்கிறேன். எதிர்வீட்டு ராஜாத்தியும் அதையேதான் சொன்னாளாம்.

பிப்ரவரி 20

ஒன்பது மா நிலத்திலும், மூணு ஏக்கர் முழுக்க, பருத்தி ஊன்றியாச்சு. அவர் போனில் சொன்னது கோடை நெல். எங்கள் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது, நெல்லுக்கு எங்கே போவது? போன மாசமே சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்ன தெரியும்? முடியலேன்னா சொல்லு, மேலத்தெரு பஞ்சநதத்துக்குக் குத்தகைக்கு விட்டுடலாம்" என்றார்.

விட்டுட்டு நான் என்ன பண்றது? டிவியைப் பாத்துக்கிட்டு உக்காரவா? இந்த வயல்தான் எனக்குப் பிடிச்ச ஒரே இடம். அதனால் 'சரிங்க, நெல்லுதான்' என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 23

வீடியோ கால். "வயலைக் காட்டு" என்றார். ராஜாத்தியின் போர் ஆழம், அவள் நெல்தான் போட்டிருக்கிறாள். ஓடிப்போய் அவள் வரப்பில் நின்றேன்.

"பயிர் நல்லாருக்கே!"

"எல்லாம் நீங்க சொன்னபடிதாங்க."

ராஜாத்தி வரப்புக்குக் கீழே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். சண்டாளி, என்னையும் சிரிக்க வைத்திருப்பாள்.

ஏப்ரல் 6

மாட்டினேன். "நம்ம மோட்டார் கொட்டகை எப்ப நீலமாச்சு?" என்றார். ராஜாத்தியுடையது வீடியோவில் பின்னால் தெரிந்திருக்கிறது.

"நாந்தாங்க பெயிண்ட் அடிச்சேன்."

ஏப்ரல் 7

பெயிண்ட் அடித்தேன். ஒரு பொய்க்கு இரண்டு கோட்டிங்.

மே 11

செம்மொழி மறுபடி வந்தாள். நேரே வயலுக்கே வந்துவிட்டாள். பருத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் நெல்லுன்னு முடிவு பண்ணாருன்னீங்களேக்கா?"

"வாயை மூடிக்கிட்டு வா, டீ போடுறேன்."

டீ குடித்துக்கொண்டே புலம்பினாள். "இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் 'அவருதான்'. ஒரு அவரு கூட ஊர்ல இல்லையேக்கா! நான் என்னத்தை எழுதுறது?"

பேர் போட மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். ஆனால் அண்ணன் லீவில் வந்தால் அவரிடமும் கேட்கணுமாம். கேளேன், எனக்கென்ன? (எனக்குத்தான்.)

ஜூன் 3

ராஜாத்தி வயலில் அறுப்பு மிஷின் இறங்கிவிட்டது. இனி யார் வயலைக் காட்டுவேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன். அடுத்த வாரம் லீவில் வருகிறாராம்.

ஜூன் 11

வந்தார். பெட்டியை வைத்த கையோடு வயலுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

ஒன்பது மாவும் வெள்ளையாக வெடித்திருக்கிறது. நடுவில் நீலக் கொட்டகை. வரப்போடு ஒரு சுற்று நடந்து வந்தார்.

"கொட்டகை மட்டும்தான் நிஜம்" என்றார். அப்புறம் பேச்சே இல்லை.

ஜூன் 12

இன்றும் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் இறங்குகிறது. ரெண்டு திட்டு திட்டிட்டாக்கூடத் தேவலை. சாயங்காலம் தனியாகப் போய் ஒரு செடியில் பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ராஜாத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நாளைக்குப் பஞ்சநதத்தை வரச் சொல்லியிருக்கிறார். நிலம் போச்சு. நானே கெடுத்துக்கிட்டேனா? நெல்லைப் போட்டுக் காயவிட்டிருந்தாலும் போகத்தானே போயிருக்கும்?

ஜூன் 13

பஞ்சநதம் கூடத்தில் டீயோடு உட்கார்ந்து குத்தகைப் பேச்சை எடுக்கிறார், அந்த நேரம் பார்த்துச் செம்மொழி வந்து நிற்கிறாள். நல்ல நேரம் பார்த்தாள்! நான் அடுப்படியில் ஒட்டிக்கொண்டேன்.

"விவசாயத்துல யாருண்ணே முடிவெடுக்கிறது?"

"நான்தாம்மா" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல். பஞ்சநதம் தலையாட்டியிருப்பார்.

"சம்பா பட்டத்துக்கு என்ன போடப் போறீங்க?"

கரண்டியோடு கதவோரம் நகர்ந்தேன்.

"மேகலா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சம்பாவுக்கு நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும்தான்.

"பொன்மணி நெல்லுங்க" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க!"

பஞ்சநதம் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.