எண்தானா என்று மட்டும் கேட்ட நிரல்

வியாழன், இரவு.

அக்காள் வீட்டு மச்சானின் படகை அடியிலிருந்து உந்தும் விசிறி இன்று பாறையில் மோதி உடைந்துவிட்டது. அந்தப் படகில் ஆழம் குறைந்தால் மணியடிக்கும் கருவிக்கு நிரல் எழுதியவன் நான். எச்சரிக்கை ஆழத்துக்கு அவர் 2 என்று போட்டிருக்கிறார். கடலில் யார் மீட்டரில் பேசுகிறார்கள்? அவர் நினைத்தது இரண்டு பாகம், அதாவது மூன்றரை மீட்டருக்கு மேல். நிரல் எடுத்துக்கொண்டது இரண்டு மீட்டர். மணி பிந்திவிட்டது.

ஆழத்தைப் பதியும் அந்த மாறியில் எண்ணைத் தவிர எதுவும் ஏறாதபடி வகை குறித்துவிட்டுப் பெருமைப்பட்டேனே!

“நாந்தானே மாப்ள தப்பாப் போட்டேன். நாளைக்கு வெள்ளி, எப்படியும் கடலுக்குப் போறதில்ல. நீ போய்த் தூங்கு,” என்றார் மச்சான்.

இப்போது மாற்றிவிட்டேன். மீட்டரா பாகமா என்று அலகு சொல்லாத எண்ணை நிரல் ஏற்காது. ‘2 பாகம்’ என்றால் ஏற்கிறது. புது விசிறி மாட்டியதும் இதை நம்பித்தான் போவார். அதனால்தான் தூக்கம் வரவில்லை.