வர்ணனையில் வராத பேர்

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

அங்கேயாவது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பந்தைக் கண்டதும் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறாயா? ஆட்டம் என்று வந்துவிட்டால் உனக்கு அக்காவும் கிடையாது, சோறும் கிடையாது.

உன்னை இந்திய ஃபுட்பால் டீமுக்கு எடுத்த அன்று தேரடி வீதியே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம்தான் சேதி வந்தது, கோச் உன்னைப் பின்னால் தடுப்பாட்டத்துக்குப் போட்டுவிட்டார் என்று. டீக்கடையில் அவரை ஏசாத வாய் இல்லை.

"அஞ்சு பேரப் பின்னாடி நிறுத்திட்டு எப்டிப்பா ஜெயிக்கப்போறாரு? கோல் போடற பையனக் கொண்டுபோயி காவலுக்கு வெச்சிட்டாரே!"

நானும் திட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, வாய் வலிக்கத் திட்டினேன்.

உன் முதல் ஆட்டத்தன்று நம் ரேடியோவைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. வர்ணனை இந்தியில். நமக்கு என்ன புரியும், பேர் மட்டும்தான் புரியும். கடைசிவரை உன் பேர் வரவே இல்லை. உன்னை ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். அப்பா எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

நீ லீவில் வந்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உக்கார வெச்சி வேடிக்க காட்டற கோச்சுகிட்ட உனக்கென்னடா வேல? இனிமே போவாத" என்றார்.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய். "முழு ஆட்டமும் ஆடனேன் நைனா. எதிர் டீம்ல கோல் போடறவன் கரீம்னு ஒருத்தன். அவன் பேரு ரேடியோல வந்துச்சா?"

"அப்டி ஒரு பேரே வரலியே."

"நான்தான் பந்த அவங்கிட்ட வர வுடலயே! அதுக்குத்தான் கோச் என்ன எடுத்தாரு. வடம் இழுக்கறவங்களத்தான் ஊரே பாக்குது. நீ சக்கரத்துக்குக் கட்ட போட்டு நிறுத்தலன்னா தேரு எவன் வூட்ல போயி இடிக்கும்? உன் பேர எவன் சொல்றான்?"

வருஷா வருஷம் தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிற மனிதரிடம் போய் இப்படிக் கேட்டுவிட்டாயே! அப்பா உன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். "மறுபடி எப்ப கிளம்பணும்?" என்றார்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு அவர் ரேடியோ பக்கமே வரவில்லை. நேற்றுதான் வந்து உட்கார்ந்தார். அதே இரண்டு டீம், அதே கோச். உன் இடத்தில் வேறு யாரோ ஒரு பையன், பாவம். கரீம், கரீம் என்று ரேடியோ கத்திக்கொண்டே இருந்தது.

அப்பா துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார்.

"எத்தினி வாட்டிம்மா சொல்றான் அந்தப் பேர! எம்புள்ள இருந்தா சொல்ல வுட்டிருப்பானா?"

நானும் அழுதேன் தம்பி. உன் கோச்சுக்கும் நேற்று உன் நினைப்பு வந்திருக்குமா?

கார்த்திகைத் தேர் வருகிறது. நான் வடம் பிடிக்கப் போக மாட்டேன். அப்பா கட்டை போடும் சக்கரத்தின் பக்கம் நிற்பேன். ஊரே சாமி பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது நான் உன் பேரைக் கூப்பிடுவேன். யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

உன்னை இடுப்பில் சுமந்து திரிந்த அக்கா,
கற்பகம்