நீ அனுப்பிய கால் படம்

சேசு மரி சூசை துணை

சைகோன்

பிரியமுள்ள மகள் ஜிசேலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் பிள்ளையும் தேறி வருகிறீர்கள் என்று மாப்பிள்ளை லூசியேன் சொன்னார், அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. போனில் பேசினால் பரவாயில்லைம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி. இங்கே மழை பிடித்துக்கொண்டது, தெருவெல்லாம் தண்ணீர். அப்பா டான் சோன் நாட் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஒருவர் விடாமல் பேரன் படத்தைக் காட்டி, மூக்கு தன் மூக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் போகிற கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன். படகேறிப் போகவேண்டிய கன் யோ பக்கத்துச் சுகாதார நிலையங்களில் டாக்டர்கள் குறைவு, கர்ப்பிணி ஒருத்தி பாதியில் வராமல் நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. நர்ஸ் தன் போனிலேயே பிரஷர், தலைவலி, கால் வீக்கம் என்று பதிந்தால் ஆபத்தில் இருப்பவள் பெயர் சைகோனில் எங்கள் திரையில் சிவப்பாக வரும், அந்தப் புரோகிராமைச் செய்யத்தான் என்னைப்போல் வயசான டாக்டர்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கர்ப்பிணியிடம் நர்ஸ் என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதும் வேலை எனக்கு வந்தது. அதனால்தான் உன் பிரசவத்துக்கு முன்கூட்டியே பிரான்சுக்கு வருகிறேன் என்று சொன்னதைத் தள்ளிப்போட்டேன்.

அன்றைக்கு நீ உன் கால் படத்தை அனுப்பி, ஒரு செருப்பும் நுழையவில்லைம்மா, தலை வேறு பாரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் அந்த நேரம் வகுப்பில், வீக்கத்தோடு தலைவலியும் இருந்தால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்று அங்கே பழக வந்திருந்த கன் யோ நர்ஸ்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் படத்தைப் பார்த்துச் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டு, காலைத் தூக்கிவைத்துப் படு என்று எழுதிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் உனக்கு வலிப்பு வந்து விழுந்துவிட்டாய், மாசம் நிறையாத பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை அழுதபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பொம்மைதான். பிரான்சில் அத்தனை டாக்டர் இருக்கிறார்கள், நீ என்ன செய்வாய் என்று அப்பா தேற்றுகிறார். அவர்களுக்கு நீ படம் அனுப்பவில்லை கண்ணு, எனக்குத்தான் அனுப்பினாய்.

போன வாரம் கன் யோவில் லான் என்று ஒரு மீனவப் பெண் பெயர் சிவப்பில் வந்தது. நானே கூப்பிட்டேன். வேலை கிடக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். என் மகளும் இப்படித்தான் இருந்தாள் என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமல் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. அழாதீங்க டாக்டர், இப்பவே கிளம்புகிறேன் என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பெண்பிள்ளை, இரண்டு பேரும் நலம். வகுப்பில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. யாரோ பெற்ற பெண்ணுக்குப் போன் பண்ண முடிந்தது, உனக்கு ஒரு போன் பண்ணத் தோன்றவில்லையே.

வகுப்பில் என் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறேன். உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்துப் பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. தையல் போட்ட இடத்தை ஈரமாக வைக்காதே, பிள்ளையைத் தவிர எதையும் தூக்காதே. நான் வந்ததும் என்னிடம் நல்லமாதிரி நடந்துகொள்ளவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சமைத்துப்போடவும் துணி அலசவும் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று விட்டுவிடு, பேச மனசு வருகிற அன்றைக்குப் பேசு, திட்ட வந்தால் அதையே முதலில் செய். மாதா உன்னையும் பிள்ளையையும் மாப்பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
சூசன் ஆந்துவான்