என் கல்யாணப் பட்டைக் கட்டிய அசோகர்

என்னங்க,

நம் பெண் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. என் கல்யாணப் பட்டைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சரி, பார்க்கலாம் என்று நேற்று ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையை மீறிக்கொண்டு கோந்து வாடை வந்தது. முந்தானையை உதறிப் பார்த்தால், ஜரிகையோடு ஒட்டிக் காய்ந்துபோய் ஒரு கொத்துக் கறுப்புக் கம்பளி நூல். அசோகச் சக்கரவர்த்தியின் மீசை! "சோப்புப் போட்டா போயிரும்" என்று அன்றைக்கு என்னமாய்ச் சொன்னீர்கள். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் பையன் சாமுவை நினைத்துத்தான் அந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது. இங்கிலீஷில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னான் என்று டீச்சர் அவனைக் கூட்டிப்போய்ச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்காரவைத்தாள். நீங்கள் அங்கே போய் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு, அவனுடைய டி.சி.யோடு எஸ்தருடைய டி.சி.யையும் சேர்த்து வாங்கி வந்தீர்கள். எஸ்தர் என்ன பாவம் செய்தாள்? நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. கேட்டதற்கு, "என் பிள்ளைய எங்க உக்கார வைக்கணும்னு எனக்குத் தெரியும். இனி வீடுதான் பள்ளிக்கூடம்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். ஒரு வருஷம்தான் என்று வாக்கு வேறு.

வீடு பள்ளிக்கூடமானது சரி. வாத்தியார் யார்? காலையில் நீங்கள் பாட்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிர்க்கீக்கு, தொழிற்சாலையில் வரைபடம் போடப் போய்விடுவீர்கள். வாய்ப்பாடும், கையெழுத்தும், பின்னக் கணக்கும் குழம்பு கொதிக்கிற அடுப்படியில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குச் சனிக்கிழமை மட்டும் போதும். வாராவாரம் ஒரு பிள்ளை சரித்திரத்தில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். சனிக்கிழமை அந்த ஆளாகவே வேஷம் கட்டி, கூடத்தில் நின்று, "நான் இன்னார்" என்று தன் கதையைச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு தரம், காக்கு என்று பிள்ளைகள் கூப்பிடும் எதிர்வீட்டு மராட்டி அம்மாளுக்காக இந்தியில் ஒரு தரம். பிறகு கேள்வி. "பெருமைய மட்டும் சொன்னா அது விளம்பரம். செஞ்ச தப்பையும் சொல்லணும்" என்பது உங்கள் முதல் சட்டம். "வேஷம் கட்டியாச்சுன்னா, கேள்வி முடியாம கலைக்கப்படாது" என்பது இரண்டாவது. நாம் இருந்த விஷ்ராந்த்வாடியில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு சட்டம் இருந்திருக்காது.

வேஷத்துக்குத் துணி? ஜன்னல் திரை கொலம்பஸின் மேலங்கி ஆனது. தலையணை உறையைப் பிரித்து நைட்டிங்கேல் அம்மாளுக்குத் தொப்பி தைத்தேன். எஸ்தர் ஜான்சி ராணியாக நின்றபோது என் தோசைக் கரண்டிதான் வாள். அன்றைக்கு மத்தியானம் தோசையைக் கையால் திருப்பினேன். கேள்வி நேரம் வந்ததும் காக்கு முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "காய் க ராணி, ஜேவ்லிஸ் கா?" என்பார். சாப்பிட்டாயா ராணி என்று கேட்கிறாராம். ராணி என்னை முறைத்துவிட்டு, இன்னும் இல்லை என்று தலையாட்டுவாள். நீங்கள் அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்வீர்கள்.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் பேசினார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத சாமு, தலையில் எதையாவது சுற்றிவிட்டால் கடகடவென்று பேசினான். உங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நானோ வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் இரண்டு வருஷமாகி, மூன்றாவதும் நடந்துகொண்டிருந்தது. இந்த ஜூனில் சேர்க்காவிட்டால் வயசுக்கேற்ற வகுப்பு கிடைக்காது, பத்தாவது பரீட்சை எழுதும்போது மீசை முளைத்துவிடும் என்று நான் கத்தாத நாளில்லை. கடைசியில் நானே கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்துப் பேசி நாள் வாங்கினேன். அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை காலைதான் தோதுப்பட்டது.

அன்றைக்குச் சாமுவின் முறை. விடிந்ததுமே என் கல்யாணப் பட்டைப் பஞ்சகச்சமாகக் கட்டி, முந்தானையைத் தோளில் போட்டு, கோந்தில் மீசை ஒட்டி, அசோகராகத் தயாராகிவிட்டான். கழற்றச் சொன்னேன்.

"கேள்வி இன்னும் முடியலல்லா" என்றீர்கள்.

"என்னங்க, ஊர் சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போவுது. பேசுற பிள்ளைய அவங்களும் பாக்கட்டும்."

அப்படியே பஸ் ஏறினோம். கண்டக்டர் சாமுவைக் குனிந்து கும்பிட்டு, "ராஜே, திக்கீட்?" என்று டிக்கெட் கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எஸ்தர் எங்களைத் தெரியாதவள்போல் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த அம்மா நல்லவர். கோபப்படாமல் எங்களை உட்காரச் சொன்னார். எஸ்தரிடம் நாலு கேள்வி கேட்டு உடனே சரி என்றார். சாமுவிடம், "நீங்கள் யார், மகாராஜா?" என்று இந்தியில் கேட்டார். அவ்வளவுதான். கலிங்கப் போரில் செத்தவர்களைப் பார்த்து மனம் உடைந்ததையும், பிறகு மரம் நட்டதையும் கிணறு வெட்டியதையும் தங்குதடையில்லாமல் சொன்னான். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "சரி, இப்போது அந்த மீசையை எடுத்துவிட்டு உன்னைப் பற்றிச் சொல்" என்றார். மீசையை எடுத்தான். பேச்சு நின்றுபோயிற்று. பேர் கேட்டார். கூட வந்தவள் அக்காவா தங்கையா என்று கேட்டார். தரையையே பார்த்துக்கொண்டு, பிடுங்கிய மீசையை என் முந்தானையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றான். "ராஜா நன்றாகப் பேசுகிறார். ஆனால் என் வகுப்பில் ராஜாவா வந்து உட்காரப்போகிறார்? பையனைப் பேசவைத்துக் கூட்டி வாருங்கள்" என்று அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

வழியெல்லாம் நான் உங்களைப் பிடிபிடியென்று பிடித்தேன். செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் வாய் கொடுத்தீர்கள், பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் அவனைக் கூடத்தில் நிறுத்தினீர்கள். காக்குவையும் கூப்பிட்டீர்கள். "இன்னைக்கு வேஷம் கிடையாது. நீ சாமுவேல். உன் கதையச் சொல்லு. தப்பையும் சொல்லணும்."

அரை டிராயரும் பனியனுமாக ரொம்ப நேரம் நின்றான். நான் எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். நீங்கள் கையைக் காட்டி என்னை உட்காரவைத்தீர்கள். பிறகு அவன் சொன்னது, வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நான் சாமுவேல். எனக்குப் பள்ளிக்கூடம் போணும்னு ஆசை. சொன்னா அப்பா அங்கயும் வந்து சண்டை போடுவாங்க. எல்லாரும் என்னையே பாப்பாங்க. அதான் அந்த அம்மாட்ட ஒண்ணும் சொல்லல. ஆசைய வீட்ல சொல்லாதது என் தப்பு."

தமிழ் புரியாத காக்கு எப்போதும்போல் கைதட்டினார். யாரும் சேர்ந்து தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். மேஜையைத் தட்டிய அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது. எனக்கு அப்போதும் உங்கள்மேல் எரிச்சல்தான் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கேள்வி கேளுங்கப்பா. கேட்டாத்தான நான் உக்கார முடியும்" என்றான்.

தலையைத் தூக்கி அவனைப் பார்த்தீர்கள். "பள்ளிக்கூடத்துக்கு நானும் கூட வரணுமாடே?"

யோசித்துவிட்டுச் சொன்னான். "வாசல் வரைக்கும் போதும்ப்பா."

அடுத்த சனிக்கிழமை அவனே பேர் சொன்னான், இடம் கிடைத்தது. ஜூனில் முதல் நாள் சைக்கிளில் வைத்து நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். வாசலைத் தாண்டவில்லை என்று எஸ்தர் சாட்சி சொன்னாள். திரும்பி வந்ததும் வராததுமாக என்மேல் பாய்ந்தீர்கள். "ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. என்ன பிள்ள வளத்திருக்க?" தொழிற்சாலைக்குக்கூடப் போகாமல், மழையில் நனைந்த சட்டையோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். அதற்கும் கோபம் வந்தது உங்களுக்கு.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் உங்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆயா என்னைக் கதவோடு நிறுத்திவிட்டாள். கூப்பிட்டேன், என்னங்க, என்னங்க என்று. கேட்டிருக்கும். சாமு என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை நீங்கள். திரும்பி வரவும் இல்லை. பிள்ளைக்கு அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று இனி என்னைக் கேட்க வேண்டாம்.

இந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறவிடவும் மாட்டேன். வேலை விட்டு நீங்கள் வருகிற நேரத்துக்குத் தினமும் உங்களோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறேன்.