ஏழாவது பாட்டு

2001 ஆகஸ்ட் 6, புத்தூர்

எங்கள் மூன்றாவது கேசட் வந்துவிட்டது. “மிச்சம் மீதி”. அட்டையில் நானும் ஹரிபாபுவும் முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு பல்லைக் காட்டுகிறோம். கரிமூஞ்சி ஜோடி! எனக்குக் கீபோர்டும் பாட்டும், அவனுக்கு டிரம்ஸும் கத்தலும். முதல் இரண்டு கேசட்டில் சேராமல் தள்ளியவை, பாதியில் விட்டவை, நகரி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மைக்கைப் பிடுங்கிக்கொண்ட பாட்டு, எல்லாவற்றையும் தேடிப்பிடித்துக் கோத்தவன் ஹரி. சென்னைக் கம்பெனிக்காரன் கேட்டானாம். பழைய ஒத்திகை டேப் இருந்த அட்டைப்பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

இன்னும் கேட்கவில்லை. என் டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் இருக்கிறது.

ஆகஸ்ட் 8

நான் வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்தில் போன் பேச வந்த கல்பனா, “ஏழாவதுல அழுவுறீங்களேக்கா, நெஜமாட்டமே கீது” என்றாள். நான் எந்தப் பாட்டிலும் அழுததில்லையே.

மதியம் டேப் ரெக்கார்டரை வாங்கி வந்து போட்டேன்.

அது நானில்லை. அக்கா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன இந்திராணி அக்கா அங்கிருந்து பேசி அனுப்பிய கேசட். கடிதம் எழுத வராததால் பேசித்தான் அனுப்புவாள். எனக்கென்று, எனக்கு மட்டும் பேசியது. அந்த வீட்டுக்காரி தன் கையில் சூடு வைத்ததை விக்கி விக்கிச் சொல்கிறாள். அதற்கு டிரம்ஸ் அடித்திருக்கிறான். பாவி, தாளம் தப்பாமல் அடித்திருக்கிறான்!



ஆகஸ்ட் 9

ஹரியைத் தேடித் தறி ஷெட்டுக்குப் போனேன். கரண்ட் போனால் தறியெல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு அதுதான் ஒத்திகை நேரம், பேட்டரியில் ஓட்டுவோம். இன்று தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

“எங்க அக்கா குரல்னு உனக்குத் தெரியாதாடா?”

“தெரியும்.”

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

“கம்பெனிக்காரன் இது ஒண்ணுதான் உருப்படியா கீதுன்னான். பொட்டியை நீதானே குடுத்தே யமுனா?”

“ஒத்திகை டேப்புன்னு குடுத்தேன். எங்க அக்காவைக் குடுக்கல.”

அவன் குச்சியைக் கீழே வைத்தான். “அந்தக் கேசட்டைக் கடைசி வரைக்கும் கேட்டியா நீ?”

நான் வந்துவிட்டேன். ஏழு வருஷம் ஒரே தட்டில் துன்னவன். இனிமேல் அவனோடு பேச்சே கிடையாது, இது சத்தியம்.

ஆகஸ்ட் 10

கேட்கவில்லை. என் நோட்டிலேயே நான் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

கேசட் வந்தது தொண்ணூற்றெட்டில். அன்றைக்கு பூத்தில் காலையிலிருந்து அழுகைதான். துபாய்க்கு ஒருத்தி, மஸ்கட்டுக்கு ஒருத்தி. கண்ணாடிக் கதவை மூடினாலும் கேட்கும். வீட்டுக்கு வந்து அக்கா கேசட்டைப் போட்டால் அவளும் அழுகிறாள். இன்னொரு அழுகை தாங்காது, நாளைக்குக் கேட்கலாம் என்று நிறுத்தினேன். அந்த நாளை வரவே இல்லை. ஒத்திகைக்கு டேப் இல்லாத ஒரு நாள், இதைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு ரெக்கார்டை அமுக்கினேன்.

எந்தக் கீபோர்டில் வாசித்தேன்? அவள் அனுப்பிய கீபோர்டில்.

ஆகஸ்ட் 11

இன்று முழுசாகக் கேட்டேன். கடைசியில் ஹரி டிரம்ஸை நிறுத்திவிடுகிறான். அக்கா குரல் மட்டும்: “யமுனா, வந்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எப்படியாச்சும் வந்துடறேன். பதில் வரலைன்னா, வேணாம்னு சொல்றேன்னு எடுத்துக்குவேன். இன்னொண்ணு சொல்லணும்...”

அதற்கு மேல் என் குரல். “ஒன், டூ, த்ரீ” என்று ஆரம்பிக்கிறேன். மீதியை நான் அழித்திருக்கிறேன்.

மூன்று வருஷமாக அக்கா அழுததே இல்லை. “நல்லா கீறேன், நீ நல்லா கீறியா” என்று போனில் இரண்டு நிமிஷம் பேசி வைத்துவிடுவாள். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

துரோகி என்று ஹரியை எழுதப் பேனாவைத் திறந்தேன். இங்கே எத்தனை பேரை எழுதுவது?

ஆகஸ்ட் 19

நான் போன் போடுவதற்குள் அக்காவே போட்டாள்.

“ரூம்ல பிச்சாட்டூர் பொண்ணு ஒருத்தி கீறா. உங்க கேசட்டு போட்டா. யாரோ அழுவுறாளே, பாவம்னு கேட்டுக்கினு இருந்தேன். யமுனான்னு கூப்பிட்ட அப்புறம்தான் நான்னு தெரிஞ்சுது.”

“அக்கா, ஹரி எனக்குத் தெரியாம...”

“அவனை விடு. நீ வேணாம்னுதானே பதில் போடல?”

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

“நான் கேட்கவே இல்லக்கா. பாதியில நிறுத்திட்டேன்.”

மீட்டர் ஓடிக்கொண்டே இருக்குமே, அங்கே காசு போகுமே என்றெல்லாம் மனசு ஓடியது. 

“வேணாம்னு நெனச்சிருந்தாகூடப் பரவால்லடி” என்றாள். வைத்துவிட்டாள்.

வந்துடு அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24

அக்கா நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அக்கா வேலையாக இருக்கிறாளாம்.

செப்டம்பர் 2

இன்று திருப்பதியில் காலேஜ் நிகழ்ச்சி. நான் போகவில்லை. ஹரி தனியாக டிரம்ஸ் மட்டும் வாசித்தானாம். ஏழாவது பாட்டு, ஏழாவது பாட்டு என்று பசங்கள் கத்தினார்களாம். முடியாது என்றானாம். இப்போது வருகிறது புத்தி!

செப்டம்பர் 20

நம்பர் அதேதான். அக்கா வேலையாக இருக்கிறாளாம்.

அக்டோபர் 14

இரண்டு மாதம் கழித்து ஹரி பூத்துக்கு வந்தான். மெலிந்திருக்கிறான். கையில் குவைத் ஸ்டாம்பு ஒட்டிய தடித்த கவர், பிரித்தது. என் கை தானாக நீண்டது. அவன் கொடுக்கவில்லை.

“எனக்கு வந்துகிது” என்றான். கேசட் அட்டையில் இருப்பது அவன் விலாசம்தான். “அக்கா பேசி அனுப்பிக்கிறாங்க. மொதல்ல நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டினாங்க. அப்புறம், நான் பேசினதைக் கடைசி வரைக்கும் கேட்டவன் நீ ஒருத்தன்தான், அதனால உன்கிட்ட சொல்றேன்னாங்க.”

“இன்னா சொன்னா?”

“ஒரேயடியா வந்துடறாங்களாம். பத்தொம்பதாம் தேதி மெட்ராஸ்ல எறங்குறாங்க. வண்டி எடுத்துக்கினு என்னை வரச் சொல்லிக்கிறாங்க.”

பூத்துக்குள் யாரோ ஓமனுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று அவனைக் கேட்டேன்.

ஹரி கவரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். “அவங்களைக் கேட்டுச் சொல்றேன்” என்றான்.