சத்தம் புகாத அறை

பினாங்கு,
1943, ஆனி மாதம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை நல்லம்மா வணக்கம் சொல்லி எழுதுகிறேன். தைப்பிங்கில் நீங்களும் மச்சாளும் சுகமென்று கேட்டு மனம் ஆறினேன். தபாலில் போட்டால் ஜப்பான்காரர் பிரித்துப் படிப்பார்கள். அதனால் இந்தக் கடிதத்தைத் துணிக்கடை இஸ்மாயில் அண்ணன் கையில் தந்திருக்கிறேன். அவருடனும் அவர் மனைவி நூர்ஜானுடனும் என் மகள் அருந்ததி பட்டர்வொர்த்தில் ரயிலேறி வருகிறாள். சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையை அனுப்புகிறேனே என்று கோபிக்கவேண்டாம்.

உங்கள் மச்சான் கனகசுந்தரம் கிராமபோன் பெட்டி விற்கத் தொடங்கியவர். பிறகு தானே பாட்டுகளைப் பதிவுசெய்து இசைத்தட்டு வெளியிட்டதும், ரங்கூன் முதல் சிங்கப்பூர் வரை பேர் வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். தட்டு சுழன்றதுமே அவருடையது என்று சனம் கண்டுபிடித்துவிடும். தெருச்சத்தம் புகக்கூடாதென்று மாடி அறைச் சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை அடித்தார். பாட வருகிறவர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டுவார். தனியாக இருந்தால் குரல் கனியும் என்பார். பெரிய ஆளின் கிறுக்கு என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஜப்பான்காரர் வந்தபின் தட்டு அச்சடிக்க வழியில்லை. தங்கள் வானொலிக்குப் பாட்டுப் பதிந்து தரச் சொன்னார்கள். அதற்காகத்தான் சபூரா வந்தாள். ஹபீபா பீவியின் ஒரே மகள். மூச்சிழுப்பு நோய் உள்ளவள். அரிசி கிடைக்கிறதே என்று பாடினாள்.

மரவள்ளிக்கிழங்குக்காக நானும் அருந்ததியும் அக்கரை போய்த் தங்கி, மறுநாள் படகில் திரும்பினோம். மாடிப்படியில் ஒரு பெண்ணின் செருப்பு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருடையது என்று கேட்டேன். சபூரா நேற்றிலிருந்து உள்ளே இருக்கிறாள், இன்னும் கனியவில்லை என்று சொல்லி இடக்கையால் சாவியை நீட்டினார். நான் கதவைத் திறந்ததும் அவள் என் காலடியில் சரிந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. நகமெல்லாம் பஞ்சு.

அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு சத்தம்கூட வெளியே வரவில்லை, நல்லம்மா. எப்படிக் கட்டியிருக்கிறேன் பார்."

அந்தக் குரலில் பயமில்லை அண்ணா, பெருமை இருந்தது.

நீதிமன்றத்தில் கண்டதைச் சொன்னேன். அவரைச் சிறையில் போட்டார்கள். ஆனால் சபூரா முன்பு பாடியவற்றை வானொலி நிறுத்தவில்லை. சந்தியில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் அவள் தினமும் பாடுகிறாள். ஹபீபா பீவி அதன் கீழே வந்து நிற்கிறார். பாட்டு முடிந்ததும் கம்பத்தைப் பார்த்து, வா மகளே, வீட்டுக்குப் போகலாம் என்கிறார். கடைக்காரர் ஒருவரும் தலை நிமிர்வதில்லை.

போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். புதுப் பாட்டு வேண்டுமாம். கதவு பூட்டியிருக்கவில்லை என்று நான் மாற்றிச் சொன்னால் அவரை விட்டுவிடுவார்களாம். குடும்ப மானத்துக்காக அப்படிச் சொல்லும்படி நீங்களும் எழுதியிருந்தீர்கள். கோபித்தாலும் சரி, சொல்லமாட்டேன். நான் சொல்லாவிட்டாலும் விடத்தான் போகிறார்கள் என்று இஸ்மாயில் அண்ணன் கேள்விப்பட்டிருக்கிறார்.

சிறையில் உங்கள் மச்சானைப் பார்க்கப் போனேன். வழக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பிக்கு அருகே வந்து, "அருந்ததிக்குப் பதினாறு ஆகிறதல்லவா? குரல் கனிகிற வயது" என்றார்.

நானும் கூட வரவேண்டும் என்பீர்கள். பிள்ளை எங்கே என்று அவர் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல இங்கே ஒருத்தி வேண்டும். அருந்ததிக்கு மச்சாள் தையல் பழக்கட்டும். முருகன் உங்கள் வீட்டைக் குறையில்லாமல் வைக்கட்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்குப் பாட வரும் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

உங்கள் தங்கை,
நல்லம்மா