இடது முன் சக்கரம்

1938 ஜூலை 4, திங்கள்

தூறல். எழுந்ததும், அடுப்புப் பற்றவைக்கும் முன்பே, மோட்டார் கொட்டகைக்குப் போனேன். இடது முன் டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். உள்விளிம்பு வழுவழுப்பு, அடியிலுள்ள நூல்கூடத் தெரிகிறது. வெளிவிளிம்பில் வரிகள் புதிது போல. மற்ற மூன்றும் ஒழுங்காகத்தான் தேய்ந்திருக்கின்றன.

ஜனவரியில் ஓசூர் ரோட்டில் இவர் மைல்கல்லில் மோதியதிலிருந்து இப்படி. பின்னால் வந்த வண்டி முந்திவிடக் கூடாதென்று வேகம். கூட இருந்தது நான் மட்டும். வீட்டுக்கு வந்ததும், "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். லில்லிகிட்டகூட வேணாம்" என்றார். தலையாட்டினேன்.

ஆகஸ்டில் லில்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சாமுவேல், குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். வண்டி அவருக்குப் பரிசு. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ரேஸ் வண்டி. மகளைவிட அதைப் பற்றித்தான் சம்பந்தி வீட்டில் இவர் அதிகம் பேசினார். ஒரு கீறல் விழாத வண்டி என்று சொல்லியிருக்கிறார்.

தையல்காரர் வரவில்லை. பாதாம் வாங்க வேண்டும்.

ஜூலை 5, செவ்வாய்

டயர் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஏன் என்று அங்கே போனதும் புரிந்தது.

கடைக்கார பாய் குனிந்து பார்த்தார். "என்னா சாப், ஒரு சைடு மொட்டையாயிருக்கு, இன்னொரு சைடு புதுசாட்டம் கீது. எங்கனா இடிச்சீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். அம்மா உட்கார்ற பக்கம் அது. வேற என்ன காரணம் வேணும்?"

பாய் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். அடியில் பார்க்க வேண்டுமானால் வண்டியை இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார். "டயர் போதும்" என்றார் இவர். நான்கும் புதிது. ஒன்று மட்டும் மாற்றினால் அது தனியாகத் தெரியுமாம்.

நல்ல ரப்பர் வாசனை. பழையவற்றில் மூன்றைக் கொட்டகையில் மாட்டி வைத்தார். அந்த ஒன்றை மட்டும் உடனே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அறுக்கச் சொன்னார்.

ஜூலை 6, புதன்

வெயில். ஊறுகாய் ஜாடிகள் வெளியே வைத்தேன்.

டயர்க் கேலி இது நாலாவது இடம். கிளப், போதகர் வீடு, பக்கத்து வீடு, கடை. எல்லாரும் சிரிக்கிறார்கள், நல்லவர்கள்தான். இரண்டு வாரமாக நான் ராத்திரிச் சோற்றைக் குறைத்திருக்கிறேன். இன்றுதான் கவனித்தேன். ஒரு டயருக்காக. பி.ஏ. படித்து, கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

லில்லி: "மூஞ்சிய ஏன்மா இப்படி வச்சிருக்க? வண்டி போகுதுன்னு வருத்தமா?"

"ஆமா" என்றேன். அதுவும் பொய்.

ஜூலை 7, வியாழன்

காப்பி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். "அச்சு கோணிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தானே."

பத்திரிகையை மடிக்கவில்லை. "தெரியும். புது ஆக்ஸில் சீமையிலேருந்து கப்பல்ல வரணும். கிறிஸ்துமஸ் ஆயிடும்."

"லில்லி அதுல மலை ஏறுவா."

"மெதுவா போகச் சொல்லு."

"இப்பவே சொல்லிட்டா என்ன?"

"சொல்லிட்டு? நொண்டி மாட்டைத் தலையில கட்டப் பாக்கறான்னு சொல்லுவாங்க. அப்புறம் பொண்ணு எப்படியோன்னு கேப்பாங்க. நீ போய்ப் பதில் சொல்றியா?"

கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறேன்.

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "சீனி கொஞ்சம் கம்மி" என்றார்.

ஜூலை 8, வெள்ளி

சாமுவேல் குன்னூரிலிருந்து காலை ரயிலில் வந்தார். ஓட்டிப் பார்க்க ஆசை. லில்லி தலையில் ஸ்கார்ஃப் கட்டித் தயாராக நின்றாள். கல்யாணத்துக்கு முன் இருவரும் தனியாகப் போவது நன்றாக இராது என்று இவர், "அத்தையை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார். பிறகு, "அத்தை ஏறினா வண்டி அந்தப் பக்கம் சாயும், பயந்துடாதீங்க."

ஏறினேன். காக்ஸ் டவுன் தாண்டி நேர்ச் சாலை வந்ததும் சாமுவேல் கொஞ்சம் வேகம் கூட்டினார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்தபடியே வர வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரே சொன்னார்: "லேசா லெஃப்ட்ல இழுக்குது, இல்லங்களா அத்தை?"

இதற்குமேல் ஒரு வாய்ப்புக் கிடைக்காது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சிரித்துவிட்டார். "மாமா சொன்னது சரிதான் போல."

நானும் சிரித்தேன்.

திரும்பும்போது தோட்டத்து வீட்டைப் பற்றிச் சொன்னார். வாசலிலிருந்து மூன்றாவது வளைவில் கீழே ஓடை தெரியுமாம். லில்லியைத் தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் கூட்டிப் போவாராம். மரியாதையான பையன். இறங்கக் கதவைத் திறந்துவிட்டார்.

ஜூலை 9, சனி

மழை. துணி காயவில்லை.

நாளை ஆராதனை முடிந்து சம்பந்திகள் சாப்பிட வருகிறார்கள். கோழி, தேங்காய், முட்டை, வெண்ணெய், நல்ல தட்டுகளை எடுத்துத் துடைக்க வேண்டும்.

நேற்றுச் சிரித்ததை மறக்க முடியவில்லை. இவர்தான் எல்லாரையும் சிரிக்க வைக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்து வந்தேன். நேற்று வண்டியில் இவர் இல்லை.

சாமுவேலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று காலையில் நினைத்தேன். வேண்டாம். அவர் மரியாதைக்கு மாமாவிடம் கேட்பார், மாமா கேலி செய்வார், அத்தோடு முடிந்தது. எல்லாரும் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். சாமுவேலின் அம்மா அந்தக் கேலியை இன்னும் கேட்கவில்லை. நாளை மேசையில் இவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும். அவர்கள் சிரித்து முடிக்கும் முன் சொல்லிவிடுவேன்: முன் அச்சு கோணல், ஜனவரியில் மைல்கல்லில் மோதியது, நான் பக்கத்தில் இருந்தேன், புது டயர் போட்டது அதை மறைக்க.

கல்யாணம் நின்றுபோனால் லில்லி என்னை மன்னிக்க மாட்டாள். ஆனால் உயிரோடு இருந்து கோபப்படுவாள்.

சாப்பாடு முடிந்து புட்டிங் வரும்வரை காத்திருக்க மாட்டேன்.